“எந்த வெள்ளம்?” – ஊர்ப்பேச்சில் வரும் காலத்தை ஆண்டாக எழுதத் தொடங்குவோருக்கு

என் அம்மம்மாவிடம் அவருடைய கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டேன். “வெள்ளத்துக்கு மறு வருஷம், மனே” என்றார். மட்டக்களப்பில் அவருடைய வயதுக்காரர் வெறுமனே ‘வெள்ளம்’ என்றால் அது 1957 மார்கழி வெள்ளம். கொப்பியில் 1958 என்று எழுதிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு பழைய தகரப் பெட்டிக்குள் அவருடைய விவாகச் சான்றிதழ் கிடைத்தது. அதில் 1959 தை என்று இருந்தது. அம்மம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னார்: “வெள்ளம் வந்தது ஏவிளம்பியில. கலியாணம் விளம்பித் தையில. மறு வருஷந்தானே? சித்திரை பிறக்காம வருஷம் எப்பிடி மனே மாறும்?”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 1957 சித்திரையில் பிறந்த ஏவிளம்பி என்ற தமிழ் வருடம் 1958 சித்திரை வரை ஓடியது. அடுத்த விளம்பி 1959 சித்திரை வரை. 1959 தை விளம்பிக்குள்தான் விழுகிறது. அவர் ஒரு நாட்காட்டியில் பேசினார், நான் வேறொன்றில் எழுதினேன்.

குடும்பக் கதையோ ஊர் வரலாறோ எழுத உட்காரும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும். வெளி மாவட்டத்திலிருந்து இங்கே பணிக்கு வந்த ஆசிரியருக்கும் உத்தியோகத்தருக்கும் வரும். வெளிநாட்டில் பிறந்து, விடுமுறைக்கு வந்து பாட்டியின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் வரும். நான் பல வருடங்களாகப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் கைவந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்ன சொல் அப்படியே வரட்டும்: “சூறாவளிக்கு முதல் வருஷம்”, “இந்தியன் ஆமி போன கையோட”, “மூத்தவன் தவழுற காலம்”. வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஆண்டை அங்கே பிறகு எழுதலாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் மாற்றி, மாற்றியதை மட்டும் எழுதினால், பிழை வந்தபின் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அம்மம்மாவின் ‘வெள்ளத்துக்கு மறு வருஷம்’ என் கொப்பியில் அப்படியே இருந்திருந்தால் பிழை எங்கே என்று உடனே தெரிந்திருக்கும். நான் 1958 என்ற எண்ணை மட்டும்தான் எழுதி வைத்திருந்தேன்.

“எத்தனையாம் ஆண்டு?” என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் வயதானவர் தடுமாறி, உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். “சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேளுங்கள். பதில் தயக்கமில்லாமல் வரும். முந்தி என்றால், “வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் நடுவில் எதற்குக் கிட்ட?” என்று கேளுங்கள். இப்படி இரண்டு மூன்று கேள்வியில் இருபது வருட இடைவெளி மூன்று நான்கு வருடமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாம் படி: எந்தக் கரையில் இருந்தார் என்று கேளுங்கள்

வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒரே மாவட்டமானாலும் இரு கரையாருக்கும் காலக்கற்கள், அதாவது காலத்தை அளக்க வைத்திருக்கும் பெரிய நிகழ்வுகள், வேறு. 2004 மார்கழி (டிசம்பர்) 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். நாவலடி, கல்லடி, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் பக்கம் அன்றைய காலை வாழ்க்கையையே இரண்டாகப் பிளந்தது. அங்கே எல்லாமே ‘சுனாமிக்கு முந்தி’ அல்லது ‘சுனாமிக்குப் பிறகு’தான். படுவான்கரையில் பலருக்கு அதைவிடப் பெரிய கோடு 2007. அந்த வருடம் ஊரோடு இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள்.

இதனால் ‘சண்டை முடிஞ்ச பிறகு’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நாட்டில் யுத்தம் முடிந்தது 2009 வைகாசியில். கிழக்கில் குடும்பிமலை படையினர் கைக்குப் போனதோடு சண்டை ஓய்ந்தது 2007 ஆடியில். படுவான்கரைக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரர் இந்தச் சொல்லைச் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டே எழுதுங்கள். அம்பாறை உட்பகுதியிலோ கதை கல்லோயாவில் தொடங்கும். 1949இல் கல்லோயாத் திட்டம் வந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, காடாய்க் கிடந்த இடம் வயலானது. ‘கல்லோயா வந்த பிறகு’ என்றால் ஐம்பதுகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: காலக்கற்களைக் கையில் வைத்திருங்கள்

கொப்பியின் பின்னட்டையில் இவற்றை எழுதிவைத்திருக்கிறேன், நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ‘யப்பான்காரன் குண்டு போட்டது’ என்று மிக வயதானவர் சொன்னால் அது 1942 சித்திரை. அந்த மாதம் 9ஆம் திகதிதான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ‘ஐம்பத்தேழு வெள்ளம்’ மேலே சொன்னது. ‘சூறாவளி’ என்றால் 1978 கார்த்திகை 23, வியாழன் இரவு. கரையோரத் தென்னந்தோட்டங்கள் விடிவதற்குள் படுத்துப்போன இரவு அது. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களை இன்றைக்கும் ‘சூறாவளிப் பிள்ளை’ என்று சொல்லும் வீடுகளை நான் அறிவேன். ‘எம்பத்தி மூண்டு’ 1983 ஆடிக் கலவரம். ‘இந்தியன் ஆமி காலம்’ 1987 ஆடி தொடங்கி 1990 பங்குனி வரை. அதற்குப் பிறகு தொண்ணூறு. அதைத் தனியே சொல்கிறேன்.

சில கற்கள் இரட்டைப் பிள்ளை மாதிரி. ‘வெள்ளம்’ என்று எண்பது வயதுக்காரர் சொன்னால் 1957. நாற்பது வயதுக்காரர் சொன்னால் 2011 தை வெள்ளமாக இருக்கலாம், இளையவர் சொன்னால் 2024 கார்த்திகையாகவும் இருக்கலாம். ‘கியூ காலம்’ என்பதும் அப்படித்தான். முன்பு அது ஒன்றே ஒன்று: எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்கு விடியச் சாமத்தில் வரிசையில் நின்ற காலம். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற பிறகு அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் இருவர் ஆகிவிட்டனர். “பாண் கியூவா, பெற்றோல் கியூவா?” என்று கேட்டால் போதும்.

மட்டக்களப்புக்குப் புதியவர்களை இடறிவிடும் இன்னொரு சொல் மாமாங்கம். பொதுத் தமிழில் ‘ஒரு மாமாங்கம் ஆச்சு’ என்றால் பன்னிரண்டு வருடம், அல்லது நெடுங்காலம். இங்கே மாமாங்கம் என்றால் முதலில் மனதில் வருவது அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில். அதன் தீர்த்தம் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் வரும். ‘மாமாங்கத்துக்குப் பிறகு’ என்றால் பெரும்பாலும் அந்த வருடத்து ஆடி அமாவாசைக்குப் பிறகு என்றுதான் பொருள். பன்னிரண்டு வருடத்தைக் கூட்டி எழுதிவிடாதீர்கள்.

நான்காம் படி: இரண்டிலக்க ஆண்டுக்கு நூற்றாண்டைத் தேடுங்கள்

‘ஆயிரத்தித் தொளாயிரத்தி’ என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘எழுபத்தெட்டு’, ‘எம்பத்தி மூண்டு’ என்றாலே விளங்கும். இதுவரை அதில் இடையூறு இருக்கவில்லை. இனி இருக்கும். ‘இருபத்தி நாலில பாலம் திறந்தது’ என்றால் கல்லடிப் பழைய பாலம், 1924. ‘இருபத்தி நாலு வெள்ளம்’ என்றால் 2024. ‘இருபத்தெட்டில ரயில் வந்தது’ என்று மூத்தவர் சொல்வது 1928. இன்னும் கொஞ்சக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேறொரு ‘இருபத்தெட்டு’ பற்றிப் பேசுவார்கள். ஆகவே வலப்பக்கத்தில் எப்போதும் நான்கு இலக்கமாக எழுதுங்கள்.

பழைய அடையாள அட்டையும் இதே பேச்சுப் பழக்கத்தில்தான் எழுதப்பட்டது. ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட அந்த இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, நூற்றாண்டு இல்லாமல். அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. உதாரணத்துக்கு 47831 என்று தொடங்கினால், 1947இல் பிறந்த பெண். 831இல் 500 கழித்தால் 331ஆவது நாள், அதாவது கார்த்திகை 26. 2016இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாக இருக்கிறது. வயதைப் பற்றி வீட்டில் இழுபறி வந்தால் அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அட்டையே முடிவு என்று நினைக்காதீர்கள். வெள்ளத்திலும் சூறாவளியிலும் இடப்பெயர்விலும் பிறப்புப் பத்திரங்கள் அழிந்துபோய், பின்னாளில் உத்தேசமாக வயது பதிந்தவர்கள் இங்கே ஏராளம். அட்டையும் தாயின் வாய்மொழியும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

ஊர்ப்பேச்சின் மிக அழகான வழக்கம் ஒன்று உண்டு: பக்கத்து எண்களைச் சோடியாகச் சொல்வது. “எழுபத்தஞ்சு எழுபத்தாறு இருக்கும்.” இது தடுமாற்றம் இல்லை. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அந்த மனிதர் துல்லியமாக உங்களிடம் சொல்கிறார். அதை 1975 என்று வெட்டிவிடக் கூடாது. ‘1975–76 அளவில்’ என்று எழுதுங்கள். ‘எழுபதாமாண்டுப் பக்கம்’ என்றால் முன்பின் இரண்டு மூன்று வருடம் இருக்கலாம், 1968 கூட அதற்குள் அடங்கும். அது ‘எழுபதுகள்’ இல்லை. எழுபதுகள் என்றால் 1970 முதல் 1979 வரை. அந்தச் சொல்லை வானொலியும் பத்திரிகையும் பழக்கின. வயலில் நிற்கும் ஐயா அதைச் சொல்வது அரிது. அவர் ‘எழுபதில’ என்றால் 1970 என்ற ஒற்றை ஆண்டையோ தன் எழுபதாவது வயதையோ சொல்லக்கூடும். வயதா ஆண்டா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வருடம் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள்

நான் தவறியது இந்தப் படியில்தான். தமிழ் வருடங்கள் அறுபது. பிரபவ 1987 சித்திரையில் பிறந்தது, அதற்கு முந்திய பிரபவ 1927இல். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். அறுபது வயது நிறைந்தவருக்கு மணிவிழா எடுப்பதும் பிறந்த வருடத்தின் பெயர் அவரிடம் திரும்பி வந்துவிட்டது என்பதனால்தான். 1957இன் ஏவிளம்பி 2017இல் மீண்டும் வந்தது. சூறாவளி வருடம் காளயுக்தி, சுனாமி வருடம் தாரண. வருடப் பெயர் கிடைத்தால் அறுபது வருட வட்டத்தில் எந்தச் சுற்று என்று ஆளின் வயதைக் கொண்டு தீர்மானியுங்கள். பிறகு தை, மாசி, பங்குனி மாதங்களா என்று பாருங்கள். அப்படியானால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும்.

மாதப் பெயரிலும் ஒரு முடிச்சு. நாம் தை என்றால் பேச்சில் பெரும்பாலும் ஜனவரியைத்தான் சொல்கிறோம், மார்கழி என்றால் டிசம்பரை. இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கோயில் கணக்கில், பஞ்சாங்கத்தில் தை பிறப்பது ஜனவரி நடுப்பகுதியில். ‘மார்கழி கடைசி’ என்று ஒருவர் சொன்னால் அது டிசம்பர் 31ஐ ஒட்டியதா, தைப்பொங்கலுக்கு முந்திய நாட்களா? “பொங்கலுக்கு எத்தனை நாள் இருந்தது?” என்று கேட்டால் தெளிந்துவிடும்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வீடுகளில் இன்னொரு நாட்காட்டியும் சேர்ந்து ஓடும். ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள், சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாளளவு குறைவு. அதனால் நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் முன்னுக்கு நகர்ந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாக் காலநிலையையும் சுற்றி வரும். இது ஆண்டு கண்டுபிடிக்க மிக நல்ல கருவி. ஒரு மூத்தம்மா, “அந்த நோம்பு முழுக்க ஒரே மழை, சஹருக்கு எழும்பக் குளிரும்” என்றால் நோன்பு மாரியில் வந்த காலம் என்று தெரியும். நோன்பு மார்கழியை ஒட்டி வந்தது அறுபதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் கடைசியிலும். அப்போது அவர் சிறுமியா, பேரப்பிள்ளை கண்டவரா? அந்த ஒரு கேள்வியில் தசாப்தம் கைக்கு வந்துவிடும்.

ஆறாம் படி: எழுத்தில் தசாப்தமும் நூற்றாண்டும்

இனி வலப்பக்கம். தசாப்தம் என்றாலும் பத்தாண்டு என்றாலும் ஒன்றுதான், ஈழத்து எழுத்தில் தசாப்தம் கூடுதலாகப் புழங்கும். ‘1970ஆம் ஆண்டுகளில்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது இரண்டு பொருளையும் குழப்பும். ஒற்றை ஆண்டானால் ‘1970ஆம் ஆண்டில்’. பத்தாண்டு முழுவதுமானால் ‘1970களில்’. ‘இரண்டாயிரங்களில்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். அது பத்து வருடமா நூறு வருடமா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ‘2000க்கும் 2009க்கும் இடையில்’ என்று எழுதினால் நீளம்தான், ஆனால் தெளிவு. ‘மூன்று தசாப்த யுத்தம்’ என்பது பழகிப்போன முழு எண். 1983இலிருந்து 2009 வரை எண்ணினால் 26 வருடம். பேச்சில் அப்படியே விடுங்கள், கணக்கு வேண்டிய இடத்தில் ஆண்டுகளைக் கொடுங்கள்.

நூற்றாண்டில்தான் கூடுதல் பேர் தவறுகிறார்கள். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டினர். அதை ‘பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை’ என்று எழுதுவோரைக் கண்டிருக்கிறேன். அது பதினேழாம் நூற்றாண்டு. இதை விளங்கிக்கொள்ள நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. ‘பிள்ளைக்கு அஞ்சு நடக்குது’ என்றால் நான்கு வயது நிரம்பி ஐந்தாவது ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். யாரும் விளக்கத் தேவையில்லை. நூற்றாண்டும் அப்படியே. 1628இல் பதினாறு நூறு நிரம்பி, பதினேழு ‘நடக்குது’. கோட்டையை ஒல்லாந்தர் பிடித்த 1638உம் அதே பதினேழுதான். ஆங்கிலேயர் கைக்கு அது போன 1795 பதினெட்டாம் நூற்றாண்டு. மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கிய 1814 பத்தொன்பதாம் நூற்றாண்டு. காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த 1892 அதே பத்தொன்பதின் கடைசித் தசாப்தம், அவர் மறைந்த 1947 இருபதாம் நூற்றாண்டு. இரண்டு பூச்சியத்தில் முடியும் ஆண்டு மட்டும் விலக்கு: 1900 பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு, 2000 இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு. கணக்கு ஒன்றாம் ஆண்டில் தொடங்குகிறது, பூச்சிய ஆண்டு இல்லை.

காரைதீவு என்றதும் ஒன்று. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய பத்திரங்களில் கல்முனையும் அக்கரைப்பற்றும் காரைதீவும் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். அதைத் திருத்த வேண்டாம்.

ஊரில் நூற்றாண்டு என்ற சொல் பேச்சில் வராது. ‘வெள்ளைக்காரன் காலம்’, ‘ஒல்லாந்தன் காலம்’ என்றும் ‘பாட்டன் பூட்டன் காலம்’ என்றும் வரும். முதலாவது 1948இல் முடிகிறது என்பதைத் தவிர வேறு எல்லை கிடையாது. ஒல்லாந்தன் காலம் என்று சொல்லப்படும் தடித்த சுவர்கள் எல்லாம் உண்மையில் அவ்வளவு பழமையானவை அல்ல, ஆகவே இன்னொரு சான்று கிடைக்கும் வரை சொல்லைச் சொல்லாகவே வையுங்கள். பூட்டன் என்றால் உண்மையில் அவருடைய பூட்டனா, பொதுவாக முன்னோரா என்று கேளுங்கள். உண்மைப் பூட்டனாக இருந்தால், பெயர் சொல்லித் தலைமுறையை எண்ணி, தலைமுறைக்கு இருபத்தைந்து முப்பது வருடம் வைத்துப் பின்னுக்குப் போகலாம்.

ஏழாம் படி: தொண்ணூறு

எல்லா எண்ணும் எண்ணாக மட்டும் இருப்பதில்லை. 1990 ஆனியில் மீண்டும் தொடங்கிய சண்டையில், ஆவணியிலும் புரட்டாதியிலும் காத்தான்குடியில், வந்தாறுமூலையில், சத்துருக்கொண்டானில் நடந்தவற்றை இந்த மண்ணில் யாரும் மறக்கவில்லை. இங்கே ஒருவர் “தொண்ணூறில…” என்று தொடங்கி நிறுத்தினால், மாதம் எது, திகதி எது என்று தொடராதீர்கள். அவர் யாரை இழந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. தமிழராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் அந்த மௌனம் ஒன்றுதான். கொப்பியை மூடி வையுங்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்வார். திகதி பொதுப்பதிவுகளில் இருக்கிறது, அதை அவர் வாயால் வாங்கவேண்டிய தேவை இல்லை. இந்த ஒரு விடயத்தில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை.

எட்டாம் படி: வாசித்துக் காட்டுங்கள்

வலப்பக்கம் நிரம்பியதும் அதே ஆளிடம் திரும்பிப் போங்கள். ஆண்டை மட்டும் வாசிக்காமல், அவருடைய சொல்லையும் ஆண்டையும் சேர்த்து வாசியுங்கள்: “வெள்ளத்துக்கு மறு வருஷம், 1959 தை.” வீட்டில் மற்றவர்களும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒருவர் சொன்னதற்கு மகள் ஒரு திருத்தம் சொல்வாள், மச்சாள் இன்னொன்று சொல்வாள். வேளாண்மை வெட்டு முடிந்து ஓய்ந்திருக்கும் நாட்கள் இதற்கு நல்லவை. திருத்தம் எழுத ஒவ்வொரு பதிவுக்கும் கீழே இரண்டு வரி இடம் விட்டிருங்கள். பழையதை அடித்துவிடாமல் ஒரு கோடு மட்டும் போட்டு, யார் திருத்தினார், எந்த நாளில் என்று பக்கத்தில் எழுதுங்கள். என் கொப்பியில் 1958 இன்னும் அப்படித்தான் இருக்கிறது, மேலே ஒரு கோட்டோடு, அதன் கீழே ‘விளம்பித் தை’ என்று அம்மம்மா சொன்ன சொல்லோடு.